பைதான் வகுப்புக்கு எந்த டூல்கிட், எந்த எடிட்டர்? முதலில் 'கொல்லங்கோடு' என்று எழுதிப் பாருங்கள்

பைதான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் நாலாவது வாரம் இந்தக் கேள்வி வந்தே தீரும். கறுப்புத் திரையில் வட்டிக் கணக்கும் வாய்ப்பாடும் ஓட்டிப் பார்த்தாயிற்று, பிள்ளைகளுக்கு இனி பட்டன் வேண்டும், பெயர் எழுத ஒரு கட்டம் வேண்டும், அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும். அதற்கு எந்த டூல்கிட், அதாவது பட்டனும் கட்டமும் விண்டோவும் வரைந்து தரும் நிரல் தொகுப்பு? நிரலை எந்த எடிட்டரில் எழுதுவது? தேடினால் பத்துப் பெயர் கிடைக்கும், ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடிக்க ஆட்களும் இருப்பார்கள். நான் குமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம் ஒரு வாசகசாலையில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறேன். முதல் வருடம் அவசரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாதி வருடம் போன பிறகு மாற்ற வேண்டி வந்தது, பிள்ளைகள் படித்ததை எல்லாம் மறுபடி படித்தார்கள். நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வகுப்புக்கு நாம் தேடுவது ஒரு டீஃபால்ட், முதலில் அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். யாரும் யோசிக்காமல், கேட்காமல் எடுத்துக்கொள்கிற ஒன்றுதான் டீஃபால்ட். ஆகச் சிறந்ததை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விவரம் தெரிந்தவன் தனக்குப் பிடித்ததை எப்படியும் தேடிப் போய்விடுவான், அவனுக்கு நம் சிபாரிசு தேவையே இல்லை. கூட்டத்தில் யாரிடம் ஆகப் பழைய மடிக்கணினி இருக்கிறது, யாருடைய வீட்டில் சந்தேகம் கேட்க ஒரு ஆள் கூடக் கிடையாது, அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஓடுவது எல்லாருக்கும் ஓடும். எல்லாரும் ஒரே டூல்கிட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவான், அதைவிடப் பெரிய உதவி எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து, வகுப்புக்கு வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: விண்டோஸா லினக்ஸா, எத்தனையாவது பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, ராம் எவ்வளவு, டிஸ்கில் இடம் எவ்வளவு பாக்கி. இதைச் சும்மா ஒரு சடங்கு என்று நினைக்காதீர்கள், பாதி முடிவை இந்தத் தாளே எடுத்துவிடும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பெட்டிகள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அக்கா படித்து முடித்து, இப்போது தம்பி கையில். அவற்றில் விண்டோஸ் 7 அப்படியே இருந்தால் பைதான் 3.8-க்கு மேல் ஏறாது, 3.9 முதல் விண்டோஸ் 7 ஆதரவு நின்றுவிட்டது. க்யூட்டி 6 என்ற டூல்கிட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 வேண்டும், அதுவும் 64 பிட். விஎஸ் கோட் என்ற எடிட்டருக்கு 32 பிட் விண்டோஸில் புதுப் பதிப்பு கொடுப்பதை 2023-ல் நிறுத்திவிட்டார்கள். இந்த மூன்றையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே எதையெல்லாம் பேச வேண்டியதே இல்லை என்று தெரிந்துவிடும்.

என் கூட்டத்தில் விண்டோஸ் 7 பெட்டிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன், எடை குறைந்த டெஸ்க்டாப்போடு. வேகம் நன்றாகவே வந்தது. ஆனால் அங்கேதான் அடுத்த சிக்கல் காத்திருந்தது, இந்தக் கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அந்த வருடம் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை ரப்பர் ஷீட் கணக்கு. குலசேகரம், அருமனை பக்கம் பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், ஷீட் வாங்கும் கடையில் எடை எவ்வளவு, இன்றைய கோட்டயம் சந்தை விலை என்ன, ஷீட் ஆகாமல் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு பிடித்தார்கள், கையில் எவ்வளவு வந்தது, இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. டிகின்டர் என்ற டூல்கிட்டில் ஒரு விண்டோ, நாலைந்து கட்டம், ஒரு பட்டன். என் விண்டோஸ் கணினியில் அழகாக வந்தது. வகுப்பில் லினக்ஸ் பெட்டி வைத்திருந்த ஒரு பையன் கை தூக்கினான்: "அண்ணே, எழுத்தெல்லாம் பிரிஞ்சு கெடக்கு." போய்ப் பார்த்தால் நெய்யூரில் கொம்பு நகரத்தை விட்டு யகரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது, டு என்ற எழுத்தில் டகரம் தனி, உகரம் தனி. அவன் எழுதிய நிரலில் ஒரு தப்பும் இல்லை.

காரணம் இதுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் எழுத்தைச் சேமிக்கும்போது மெய் முதலிலும் உயிர்க்குறி பிறகும் வரும். 'நெ' என்றால் நினைவகத்தில் ந, அதற்குப் பின் கொம்பு. திரையில் வரையும்போது அந்தக் கொம்பை முன்னால் தூக்கி வைக்க வேண்டும், 'கொ', 'கோ' மாதிரி எழுத்தில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும், 'கு', 'டு' மாதிரி எழுத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு, தேவை. க்யூட்டியும் ஜிடிகே என்ற இன்னொரு டூல்கிட்டும் அதை வைத்துத்தான் வரைகின்றன. டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே, 8.6 பதிப்பில், லினக்ஸில் இதைச் செய்வதில்லை, வந்த வரிசையில் ஒவ்வொரு குறியாக வைத்துக்கொண்டே போகிறது. விண்டோஸில் அதே டிகே விண்டோஸின் வசதியைப் பயன்படுத்துவதால் எழுத்து ஒழுங்காக வருகிறது. ஆக ஒரே நிரல், இரண்டு பெட்டியில் இரண்டு விதம்.

அதனால் எந்த டூல்கிட்டைப் பற்றி யார் எவ்வளவு புகழ்ந்தாலும், முதல் சோதனையாக ஒரு லேபிளில் நம் ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். கொல்லங்கோடு, நெய்யூர், தோவாளை, பேச்சிப்பாறை, தேங்காப்பட்டணம், குழித்துறை. வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு இவ்வளவு வசதி இருக்குமா தெரியாது, நம் ஊர்ப் பெயர்களிலேயே முன்னால் வரும் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், இருபுறக் குறி, உகரம் எல்லாமே வந்துவிடுகின்றன. 'வணக்கம்' என்று போட்டுப் பார்த்துவிட்டு தமிழ் வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், அந்தச் சொல்லில் கொம்பே இல்லை, அது எங்கேயும் கிட்டத்தட்ட சரியாகத்தான் தெரியும்.

லேபிளில் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதும் கட்டத்தில் உங்கள் விசைப்பலகையாலேயே அடித்துப் பாருங்கள், தமிழ்99 என்றால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்றால் அது. வெட்டி ஒட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அடித்த பிறகு அம்புக்குறியால் பின்னால் போய் நடுவில் ஒரு எழுத்தை அழியுங்கள். கர்சர் நிற்கிற இடமும் அழிகிற எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அட்டவணை. கொல்லங்கோடு நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, பைதானிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியையும் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இடைவெளி நிரப்பி நெடுவரிசையை நேராக்கலாம் என்று பிள்ளைகள் முயன்றால் ஒரு வரி இங்கே நிற்கும், ஒரு வரி அங்கே நிற்கும். ஆகவே டூல்கிட்டில் நல்ல அட்டவணை விட்ஜெட் (பட்டன் மாதிரித் திரையில் வைக்கும் உறுப்பு) இருக்கிறதா என்பது நமக்கு மற்றவர்களைவிட முக்கியம். டிகின்டரில் ட்ரீவியூ இருக்கிறது, க்யூட்டியில் டேபிள் விட்ஜெட் இருக்கிறது, இரண்டும் போதும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. நாகர்கோவில் கம்ப்யூட்டர் சென்டர்களில் விஷுவல் பேசிக் 6 படித்த தலைமுறைக்கு நினைவிருக்கும், 1998-ல் வந்தது, படிவம் வரைவதும் நிரல் எழுதுவதும் ஓட்டிப் பார்ப்பதும் ஒரே பெட்டிக்குள், முதல் நாளே பட்டன் வேலை செய்யும். டீஃபால்ட் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதோடு வந்த கட்டங்கள் யூனிகோடுக்கு முந்தைய காலத்தவை, தமிழ் வேண்டுமென்றால் பாமினி மாதிரி எழுத்துருவைப் போட்டு ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி மாட்ட வேண்டியிருந்தது. அப்படிச் சேமித்த பெயர்ப் பட்டியல்கள் வேறு பெட்டிக்குப் போனதும் வெறும் கிறுக்கலாகிவிட்டன. எளிமை, தமிழ் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி ஒவ்வொரு டூல்கிட்டாக. டிகின்டர் பைதானோடேயே வருகிறது, விண்டோஸில் தனியாக எதுவும் இறக்க வேண்டாம், இணையம் இல்லாத வீட்டுக்கு இது பெரிய கொடை. லினக்ஸில் மட்டும் கவனம், டெபியன், உபுண்டு வகையறாவில் அதைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதை நிறுவாமல் வகுப்புக்கு வந்தால் முதல் வரியிலேயே பிழை. பழைய தோற்றமாக இருக்கிறது என்பார்கள், டிகின்டருக்குள்ளேயே இருக்கும் டிடிகே என்ற புதுத் தோற்ற விட்ஜெட்களைப் பயன்படுத்தினால் அந்தக் குறை பெருமளவு போய்விடும். டிகின்டரையும் டிடிகேயையும் நட்சத்திரம் போட்டு (import *) மொத்தமாக நிரலுக்குள் இழுக்கும் பழக்கத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், இரண்டிலும் பட்டன் என்ற பெயர் இருப்பதால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும், நிறம் மாற்றப் போன பிள்ளை ஒரு மணி நேரம் தவிப்பான்.

க்யூட்டிக்கு பைதானில் இரண்டு வாசல்: பைக்யூட்டி, பைசைட். எழுதும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உரிமம் வேறு. பைக்யூட்டி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, மூல நிரலைத் தராமல் விற்க வேண்டுமென்றால் பணம் கட்டி வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைட் எல்ஜிபிஎல், அதன் நிபந்தனைகளோடு நம் மூல நிரலைத் தராமலும் விற்கலாம், க்யூட்டி நிறுவனமே பராமரிக்கிறது. நாளைக்கு ஒரு பிள்ளை மார்த்தாண்டத்தில் ஒரு தேன் கடைக்கு பில் போடும் நிரல் செய்து விற்கலாம், அன்றைக்கு இந்த வித்தியாசம் பணமாக நிற்கும், ஆகவே பைசைட்6 என்று இப்போதே பழக்குங்கள். குறை என்னவென்றால் எடை. முழுதாக நிறுவினால் டிஸ்கில் நூற்றுக்கணக்கான எம்பி பிடிக்கும், எசென்ஷியல்ஸ் என்று பிரித்துக் கொடுக்கும் சிறிய பொதி நமக்குப் போதும். இன்னொரு குறை, இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் நாலாம் பதிப்பு, ஐந்தாம் பதிப்பு, ஆறாம் பதிப்பு எல்லாம் கலந்து கிடக்கும், பிள்ளை ஒன்றை எடுத்து ஒட்டுவான், ஓடாது. நீங்கள் ஓட்டிப் பார்த்த பத்து எடுத்துக்காட்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

ஜிடிகே லினக்ஸில் அருமை, தமிழும் அருமை, விண்டோஸில் நிறுவ வைப்பது புதியவர்களுக்குப் பெரும் பாடு. டபிள்யூஎக்ஸ் பைதான் நேர்மாறு, விண்டோஸில் எளிது, லினக்ஸில் பைதானின் பொதி நிறுவியான பிப் வழியாகப் போனால் பல நேரம் மூலத்திலிருந்து தொகுக்கத் தொடங்கிவிடும், பழைய பெட்டியில் அது முடிவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். கிவி தொடுதிரைக்கு, கைபேசிக்கு நல்லது, தமிழ் வரைவதை மட்டும் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

எதை எடுத்தாலும் ஒன்றை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்: பட்டன் அழுத்தியதும் ஓடுகிற ஃபங்ஷனுக்குள் தூங்க வைக்கும் கட்டளை போடக் கூடாது, முடிவில்லாத சுற்றும் கூடாது. விண்டோவை வரைவதும் அதே ஓட்டத்தில்தான் நடக்கிறது, அதைப் பிடித்து வைத்தால் திரை உறைந்துவிடும். சற்று நேரம் கழித்து ஒன்றை ஓட வைக்கத்தான் டிகின்டரில் ஆஃப்டர், க்யூட்டியில் டைமர் இருக்கின்றன.

எடிட்டரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அது சரியில்லை என்று பின்னால்தான் புரிந்தது. தொடக்கக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்து தொன்னி என்ற எடிட்டரைப் போல ஒன்று கிடையாது. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, பைதானை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு வரியாக ஓட்டும்போது எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும், பிள்ளைகள் கண்ணெதிரே கணக்கு நடப்பதைப் பார்ப்பார்கள். ஆனால் தொன்னி எழுதப்பட்டிருப்பதே டிகின்டரில். பைதானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரும் அப்படியே. ஆகவே லினக்ஸில் லேபிளில் என்ன உடைந்ததோ அதுவே எடிட்டரிலும் உடையும், மேற்கோளுக்குள் எழுதிய ஊர்ப் பெயர், தமிழில் எழுதிய குறிப்பு எல்லாம் பிரிந்து கிடக்கும். நிரலைப் பைசைட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டரை மாற்றாமல் விட்டால், ஓடும்போது சரியாகத் தெரிவது எழுதும்போது தப்பாகத் தெரியும், தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று பிள்ளை சரியான எழுத்தைப் போய் அழிப்பான். நான் கண்ணால் பார்த்தது இது.

லினக்ஸ் பெட்டிகளுக்கு நான் கொடுப்பது ஜீனி என்ற எடிட்டர். ஜிடிகேயில் எழுதியது, குறைந்த ராமில் சட்டென்று திறக்கும், தமிழ் ஒழுங்காகத் தெரியும், ஒரு விசையில் நிரல் ஓடும். வரிவரியாகக் காட்டும் வசதி தொன்னி அளவுக்கு இல்லை, அந்த இழப்பு எனக்கு வருத்தம்தான். விஎஸ் கோடிலும் தமிழ் நன்றாக வரும், 8 ஜிபி ராம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம், ஆனால் புதிதாக வருகிறவனுக்கு எக்ஸ்டென்ஷன், இன்டர்பிரெட்டர் தேர்வு என்று நாலு கதவைத் திறந்த பிறகுதான் முதல் வரி ஓடுகிறது. முதல் நாளில் ஒரு கதவே அதிகம்.

அப்படியானால் முடிவு இப்படி வரும். எல்லாப் பெட்டியும் விண்டோஸ் என்றால் டிகின்டர், தொன்னி, யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு லினக்ஸ் பெட்டி இருந்தாலும், நிரலில் தமிழ் வேண்டுமென்றால், எல்லாருக்கும் பைசைட், ஜீனி. ஜீனி விண்டோஸிலும் கிடைக்கிறது. விண்டோஸ் பிள்ளைகளுக்கு மட்டும் தொன்னி கொடுக்கலாமே என்று தோன்றும், கொடுக்காதீர்கள், ஓட்டும் விசை ஒருவனுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு வேறு என்று ஆனவுடன் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது நின்றுபோகும். பெட்டி மிகப் பழையது, பைசைட்6 ஏறவே இல்லை என்றால் லினக்ஸ் களஞ்சியத்தில் பைக்யூட்டி5 இருக்கும், வகுப்பு அளவுக்கு அதில் எழுதியது சில இடங்களில் மட்டும் மாற்றினால் ஆறிலும் ஓடும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் எடுப்பதை யார் பராமரிக்கிறார்கள், மொழியோடு அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஜாவா மொழியில் ஜாவாஎஃப்எக்ஸ் என்ற டூல்கிட் ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா தொகுப்பான ஜேடிகே 8-ல் கூடவே வந்தது, 2018-ல் ஜேடிகே 11-ல் வெளியே எடுத்துவிட்டார்கள், தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அது சாகவில்லை, இன்றும் இருக்கிறது, ஆனால் கூடவே வருகிறது என்பதை நம்பிப் பாடத்திட்டம் எழுதியவர்கள் எல்லாம் திருத்த வேண்டி வந்தது.

கடைசியாக நிறுவும் வேலை. ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது, கீரிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைக்கு அன்றைக்கு மின்சாரமும் இருக்காது, சிக்னலும் இருக்காது. வகுப்பிலேயே எல்லாரும் ஒரே வைஃபையில் இறக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். பிப்பில் நிறுவாமல் இறக்கி மட்டும் வைக்கிற கட்டளை உண்டு, அதைக் கொண்டு தேவையான பொதிகளை ஒரு ஃபோல்டரில் சேர்த்து, இணையத்தைத் தேடாமல் அந்த ஃபோல்டரிலிருந்து நிறுவச் சொல்லலாம். விண்டோஸுக்குத் தனி ஃபோல்டர், லினக்ஸுக்குத் தனி, அந்தந்தப் பெட்டியின் பைதான் பதிப்புக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். பைதான் நிறுவியையும் எடிட்டரையும் ஊர்ப் பெயர்ச் சோதனை நிரலையும் பத்து எடுத்துக்காட்டுகளையும் அதே பென்டிரைவில் போடுங்கள். எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், வருடம் முடியும் வரை யாரும் பதிப்பை ஏற்ற வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

அடுத்த ஜூனில் புதுக் கூட்டம் வரும்போது பெட்டிக் கணக்கெடுப்பை மறுபடி செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத பெட்டிகள் ஏராளம், அவை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு வரும். இந்த வருடம் எல்லாமே விண்டோஸ் என்று டிகின்டரில் தொடங்கியவர்கள், கணக்குப் போடும் ஃபங்ஷன்களை ஒரு ஃபைலிலும் விண்டோ வரைவதை வேறு ஃபைலிலும் எழுதப் பிள்ளைகளை இப்போதே பழக்கிவிடுங்கள். டூல்கிட் மாற வேண்டி வந்தால் ஷீட் எடையும் விலையும் இருக்கிற ஃபைலைத் தொடவே வேண்டாம், விண்டோ ஃபைலை மட்டும் திருப்பி எழுதினால் போதும்.